மாடி ஜன்னலுக்கு மேலே ஒரு முட்டைப்பை

சிலந்தியின் முட்டைப்பையைப் பார்த்துப் பலர் பஞ்சு என்றுதான் நினைக்கிறார்கள், ஐயா. எங்கள் தெருவில் யார் வீட்டு வெளிச்சுவரில் அப்படி ஏதாவது தென்பட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். காகிதம் போல வழவழப்பான உருண்டையா, எட்டி நில்லுங்கள். மேலெல்லாம் முள் வைத்ததா, கை வைக்காதீர்கள். சுவரோடு ஒட்டிய வெள்ளைத் தட்டு என்றால் துடைப்பத்தால் தட்டிவிடலாம்.

இந்த ஞானத்தை மிகவும் மதித்தவர் என் அக்காவின் கணவர். விருந்தாளிகள் வந்தால், "இவன்தான் எங்க வீட்டு சிலந்தி டாக்டர். பேஷண்டுங்க எல்லாம் சுவத்துல இருக்காங்க" என்பார். அக்காவும் சிரிப்பாள். நாகரிகம் கருதி நானும் சிரிப்பேன். பெரிய தைரியசாலி. குளியலறையில் சிலந்தியைக் கண்டால் மட்டும் துண்டோடு வெளியே ஓடிவருவார்.

போன மாதம் சாப்பிடும்போது, மாடி அறையை வாடகைக்கு விடப்போவதாக அறிவித்தார். அதில் நான் குடியிருப்பது மறந்துவிட்டது போலும்.

"நீயும் எத்தனை நாளைக்குத்தான் இங்கயே இருப்ப?" என்றாள் அக்கா, தட்டைப் பார்த்துக்கொண்டு. அவர் சொல்லிக்கொடுத்திருப்பார். அவள் அப்படிப் பேசுகிறவள் அல்ல.

வாடகைக்கு வருகிறவர்கள் பார்ப்பதற்குள் சுவரைச் சுத்தம் செய்ய ஏணி சாத்தினார். மாடி ஜன்னலுக்கு மேலே ஒரு பை.

"மச்சான், அது கடிக்கிற ரகமா?"

"இல்ல அத்தான், சும்மா வெள்ளைத் தட்டு. ஏறுங்க, ஏணிய நான் பிடிச்சுக்கறேன்."

அது உண்மைதான். அவர் முகம் அதன் அருகே போனபோதுதான் எனக்குப் பேசத் தோன்றியது.

"அத்தான், அசையாதீங்க. தப்பா சொல்லிட்டேன். முள்ளு இருக்கு. தாய்ச் சிலந்தி உங்க காலருக்குள்ள போயிடுச்சு."

அசைய வேண்டாம் என்றுதான் சொன்னேன். என் பேச்சை அவர் என்றைக்குக் கேட்டார்?

நான் தள்ளவில்லை, ஐயா. ஏணியிலிருந்து கையை எடுத்தேன், அவ்வளவுதான். கீழே சிமென்ட் தரை. பை பழையது, அதில் தாயும் இல்லை, குஞ்சும் இல்லை. அவர் முனகல் நின்ற பிறகு ஆம்புலன்சைக் கூப்பிட்டேன். பதற்றத்தில் கூப்பிட்டால் முகவரி தப்பாகிவிடும்.

என்மேல் சந்தேகம் என்று உங்களிடம் சொன்னதே அக்காதான் என்கிறீர்கள். பாவம், துக்கத்தில் குழம்பியிருக்கிறாள். என்னைக் கொஞ்சம் சீக்கிரம் அனுப்பிவிடுங்கள். அவ்வளவு பெரிய வீட்டில் நான் இல்லாமல் அவள் பயந்துபோவாள்.