ஆறு சிலிண்டர் சத்தம்

அட, அந்தப் பக்கம் திரும்பி நின்னு பேசாதீங்க பாய். இங்கன, மூஞ்சிக்கு நேரா வாங்க. சுத்திப் பூராவும் தறிக் கொட்டகைலா. சங்கரன்கோவில்ல இந்தத் தெருவுல ஒர்க்‌ஷாப்பு வச்சவன் பாடு இதுதான். இப்பச் சொல்லுங்க. ஆங், மைலேஜா?

மைலேஜுன்னா டீசல்தான். இந்தா பச்சை பெயிண்டு அடிச்சிருக்கு பாருங்க, பெர்கின்ஸ் இன்ஜின். உங்க டாட்ஜ் பிக்கப்புல இத மாட்டி, எலுமிச்ச மூடைய ஏத்திப் புளியங்குடி மார்க்கெட்டுக்கு விட்டாலும் மூச்சு வாங்காது. ஆனா கனம். முன்பக்கம் ஸ்பிரிங் பட்டையெல்லாம் மாத்தணும். அந்தா இருக்கது ஷெவர்லே, பெட்ரோலு. அதுவும் ஆறு சிலிண்டர்தான், குணம் வேற. மாப்பிள்ள வீட்டுக்காரன் மாதிரி அலுங்காம குலுங்காம வரும், அவன மாதிரியே செலவும் வைக்கும்.

உக்காருங்க, டீ சொல்லட்டுமா? ரெண்டையும் ஸ்டார்ட் பண்ணியாச்சு. ரெண்டு இன்ஜின் மேலயும் தண்ணி டம்ளரு வச்சிருக்கேன் பாருங்க. ஷெவர்லேயில தண்ணி சும்மா கெடக்கு. பெர்கின்ஸுல எப்படி நடுங்குது!

என்ன? சத்தத்தக் கேட்டுச் சொல்லணுமா? தெரியும் பாய். கடையநல்லூர்ல இருந்து நீங்க வந்ததே இந்த மாணிக்கராஜ் காதுக்குத்தான. நான் கேட்டு சரின்னு சொல்லிட்டா கண்ண மூடிட்டு வாங்கலாம்னு தென்காசி வரைக்கும் பேரு. தப்பான இன்ஜின ஏத்துறதுக்கு உங்க வண்டி சேஸிஸ அறுத்துட்டோம்னா, பொறவு அழுதாலும் வராது. துபாய்ல கெடந்து சம்பாதிச்சு ஆசையா வாங்குன வண்டி.

இருங்க, ஸ்க்ரூடிரைவர் வச்சுப் பாக்கேன்.

ம்... ஏன் சிரிக்கிய? ஆமா, எல்லாரும் கைப்பிடியக் காதுலதான் வைப்பாக. நான் பல்லுல கடிச்சிக்கிடுதேன். அது இப்ப வந்த பழக்கம். பெர்கின்ஸுக்குள்ள என்னமோ அதிருது. பேரிங் தேஞ்சிருச்சா, இல்ல டீசலோட புத்தியே அப்படியான்னுதான்... இந்தத் தறிச் சத்தத்துல எங்க பாய் பிரிச்சுக் கேக்க?

என்ன அப்படிப் பாக்கிய? இன்னொரு தடவ சொல்லுங்க, மெதுவா. தறியா? ஸ்ட்ரைக்கா? காலையில இருந்தேயா? ஒரு தறிகூடவா ஓடல?

அடச்சே.

போயிராதீங்க பாய், உக்காருங்க. பங்குனியில ஒரு காய்ச்சல் வந்துச்சு. போறப்ப ரெண்டு காதையும் கூட்டிட்டுப் போயிட்டு. வாறவுக கேக்கது எல்லாம் ஒரே கேள்விதான, வாயசைவப் பாத்துச் சமாளிச்சிட்டு இருந்தேன். வீட்டுல என் பொண்டாட்டி ஷீஜாகிட்டகூடச் சொல்லல. கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கான், திமிருன்னு அவ மூஞ்சியத் தூக்கி வச்சிட்டுத் திரியுதா. பயமா இருக்கு பாய். தெரிஞ்சா இந்த ஒர்க்‌ஷாப்புக்குள்ள எவன் வருவான்?

இந்தாங்க, ஸ்க்ரூடிரைவரப் பிடிங்க. நுனிய அந்தப் பச்சை இன்ஜின் அடிப்பக்கம் வைங்க. கைப்பிடி உங்க காதுக்கு. டொக்கு டொக்குன்னு இரும்ப இரும்பு தட்டுற மாதிரி கேட்டா அது வேண்டாம், ஷெவர்லேய எடுத்துக்கோங்க. வாயால சொல்ல வேண்டாம். தலைய மட்டும் ஆட்டுங்க.