வைரஸ் நுழைஞ்சா என்கூட ஏன் பேசமாட்டாரு?

ஒரு மாசமாச்சும்மா, என்கூட ஒரு வார்த்தை பேசல! தட்டை வச்சா சாப்பிடுறாரு, கழுவி வைக்கிறாரு, போயிடுறாரு. ஸ்க்ரூ டிரைவர்தானே? இங்கதான் எங்கயாவது கிடக்கும், உள்ள வா, உட்காரு. மாடிக்குப் புதுசா வந்திருக்க, அக்கம்பக்கத்தைத் தெரிஞ்சுக்க வேணாமா?

யாரா? வேற யாரு, எங்க வீட்டுக்காரருதான். கல்லீரல் செல்லை டப்பாவுல வளர்க்குறாரு. ஆமா, வேலையே அதான். அதுங்களுக்கு நேரத்துக்குத் தீனி மாத்தணும்னு ஞாயித்துக்கிழமைகூட லேபுக்கு ஓடுவாரு. எனக்குக் காய்ச்சல்னா மாத்திரை எங்க இருக்குன்னு என்னையே கேப்பாரு!

இந்த ஹெபடைட்டிஸ் சி வைரஸ் இருக்கு பாரு... அது கல்லீரல் செல்லுக்குள்ள சும்மா நுழைஞ்சிட முடியாதாம். செல்லு மேல சில புரதங்க இருக்கு, அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் உள்ள போகணுமாம். அந்தப் புரதத்தை அளவுக்கு மேல செய்யாதேன்னு உள்ளயே அதட்டி வைக்கிற பொடிப்பொடித் துண்டுங்க உண்டாம், மைக்ரோ ஆர்என்ஏன்னு பேரு. அதுல ஒண்ணை நிறைய போட்டா புரதம் குறையும், வைரஸ் வெளியவே நிக்கும்... இதான் இவரு போட்ட கணக்கு.

எனக்கு எதுக்கு இதெல்லாம்னு பாக்குறியா? எங்க அண்ணன் டயாலிசிஸ்ல இருக்கான்மா. அங்க ரத்தம் சுத்தம் பண்றப்போ எப்படியோ இந்த வைரஸ் ஒட்டிக்கிச்சு. மாத்திரை சாப்பிட்டான், சுத்தமாப் போயிடுச்சு. ஆனா மறுபடி வராதுன்னு சொல்ல முடியாதாம், தடுப்பூசியும் கிடையாதாம். அவனோ வாராவாரம் அந்த நாற்காலியில போய் உட்கார்ந்தாகணும்! அதான், நுழையுறதையே தடுக்கணும்னு இவரு மாடா உழைக்கிறாரு. வாய்விட்டுச் சொல்லமாட்டாரு. எனக்குத் தெரியாதா?

கடைசியில என்னாச்சு? அந்தத் துண்டைப் போட்டா ஒரு புரதம் குறைஞ்சுது, சரி. இன்னொண்ணு ஏறிடுச்சு! வைரஸ் முன்னைவிட ஜாஸ்தியா உள்ள போயிருக்கு. மனுஷன் இடிஞ்சு போயிட்டாரு. "மறுபடி செஞ்சு பாத்துட்டுத்தான் பெரிய டாக்டரம்மாகிட்ட சொல்லணும், அதுவரை மூச்சு விடாதே"ன்னாரு. நானா? நான் ஏம்மா சொல்லப் போறேன்!

காய்கறிக் கடையில அந்த டாக்டரம்மாவே எதிர்ல வந்தாங்க. லேபுக்கே தலைவி. "அவரு எப்படி இருக்காரு"ன்னாங்க. கேட்டா பதில் சொல்லணுமா இல்லையா? "தூக்கமே இல்லீங்க, எல்லாம் தலைகீழாப் போயிடுச்சாம்"னேன். அவ்வளவுதான்! ...சரி, கொஞ்சம் விவரமாவும் சொன்னேன். அதுக்குத்தான் இந்தக் கோவம்!

திட்டுவாங்கன்னு பாத்தா, அந்தம்மா மறுநாளே இவரைக் கூப்பிட்டு, "அந்தத் துண்டைக் கூட்டினா வைரஸ் உள்ள போகுதுன்னா, செல்லுல ஏற்கெனவே இருக்குற அதே துண்டை முடக்கிப் பாருங்களேன்"னு சொல்லியிருக்காங்க. முடக்கினாரு. நுழையுறது பாதியாக் குறைஞ்சிடுச்சு! திரும்பத் திரும்பச் செஞ்சும் அதேதான். யாரு வாயால? ஒரு தேங்க்ஸ்? ம்ஹூம்!

நேத்து அண்ணனுக்குப் போன் போட்டுப் பேசுறாரு. "இப்போதைக்கு டப்பாவுலதான் மச்சான், மருந்தா வர எத்தனை வருஷமோ... ஆனா வழி தெரியுது"ன்னாரு. நான் அடுப்படியில நின்னு அழுதுக்கிட்டிருக்கேன். போனை வச்சிட்டு வந்து என்னையே பாத்தாரு. சரி, பேசப் போறாருன்னு முகத்தைத் துடைச்சுக்கிட்டு நின்னா... தண்ணி குடிச்சிட்டுப் போயிட்டாரும்மா!

அட, எழுந்துட்ட? ஸ்க்ரூ டிரைவரை இன்னும் தேடியே முடியல... இதை வெளிய விட்டுடாத, கட்டுரை எழுதி அனுப்புற வரைக்கும் ரகசியமாம். வேற லேபுல யாரோ இதையேதான் பண்ணிக்கிட்டிருக்காங்களாம், முந்திக்குவாங்களோன்னு இவருக்கு பயம். ஆமா, நீ எங்க வேலை பாக்குறன்னு நான் கேக்கவே இல்லையே...

ஆராய்ச்சியா? எதுல?

...கல்லீரலா?

ஏம்மா! ஏம்மா, நில்லு! படியில அவ்வளவு வேகமா ஏறாத... நான் சொன்னதுல பாதி எனக்கே சரியாத் தெரியாதும்மா!