ஆவுடை விரட்டிய கொம்பன்

ஆற்றுக்குப் பாலம் வராத காலம் அது. தாமிரவருணியின் தென்கரையில் ஓடத்தை விட்டு இறங்கி, ஒரு பனங்காட்டைத் தாண்டினால் சேந்தன்குறிச்சி. அந்த ஊருக்கு மேற்கே மலையடிவாரத்திலிருந்து ஒரு பெண் வாழ வந்தாளாம். பேர் ஆவுடை.

ஆவுடை பிறந்த ஊரில் இருட்டினால் யானை வரும். வாழைக்கு வரும், சோளத்துக்கு வரும், பலா பழுத்தால் வாசலுக்கே வரும். அங்கே யானையை யானை என்று சொல்ல மாட்டார்கள். பேரைச் சொன்னால் கூப்பிட்டதாக நினைத்துக்கொண்டு வந்துவிடுமாம். 'பெரியவர்' என்றுதான் சொல்வார்கள். "நேத்துப் பெரியவரு வந்துட்டுப் போயிருக்காவ, எட்டு வாழை போச்சு" என்பார்கள். கூட்டமாக வருகிற பெரியவர்களைத் திருப்பி அனுப்பிவிடலாம். ஒற்றையாக வருகிற கொம்பன்தான் பொல்லாதவன். அவனை விரட்டுவதற்கு ஒரு முறை உண்டு. அந்த ஊர்ப் பெண்பிள்ளைகள் எல்லாருக்கும் அது தெரியும். ஆவுடைக்கும் தெரியும்.

சேந்தன்குறிச்சியில் யானையைப் பார்த்த ஆளே கிடையாது. கோயில் யானைகூட வந்ததில்லை. எந்த ஓடம் தாங்கும்?

வாக்கப்பட்ட வீட்டில் பத்தொன்பது பேர், ஒரே அடுப்பு. மாமியார் செண்பகவடிவுக்கு வயிற்றுப் புண். மணத்தக்காளிக் கீரையும் மோரும்தான் மருந்து, மிளகாயைக் கண்ணால் பார்க்கக் கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்தாராம். அவர் சொன்னது ஒருத்திக்கு. பத்தியம் இருந்தது பத்தொன்பது பேர். ஆவுடையின் அம்மா சீராகக் கொடுத்த ஒரு பெட்டி மிளகாய் வற்றல் பரணில் கிடந்தது. ஆவுடை ஏறிப் போய்ப் பெட்டியைத் திறந்து, ஒருமுறை மோந்து பார்த்துவிட்டு, மூடி வைத்துவிட்டு இறங்குவாளாம். தனக்கென்று ஓர் அடுப்பு வந்தால் முதல் நாள் என்ன குழம்பு வைக்க வேண்டும் என்பதுகூட அவளுக்கு முடிவாகியிருந்தது.

ஒருநாள் மாமனார் பிச்சையாவிடமே கேட்டுவிட்டாள்.

"மாமா, எங்களுக்குத் தனி அடுப்பு வேணும்."

பிச்சையா யோசித்தாராம். "ஆத்தோரம் அந்தத் துண்டு வயல் கெடக்கு. இந்தப் பிசானப் பருவத்துக்கு நீயும் ஒன் மாப்பிள்ளையுமா வெள்ளாமை பண்ணுங்க. பத்தாயத்துல பாதிக்கு நெல்லு வந்துட்டுன்னா தனி அடுப்பு. வரலேன்னா பேசாம வந்து இந்த அடுப்பையே ஊதணும். என்ன சொல்லுத?"

"சரி மாமா."

ஆவுடையும் அவள் புருஷன் வெயிலுமுத்துவும் வயலோரம் ஒரு குடிசை போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். மிளகாய்ப் பெட்டியும் கூடவே போயிற்று. அடுப்பு மட்டும் இல்லை. பேச்சுப் பேச்சுதான். கஞ்சியும் குழம்பும் பெரிய வீட்டிலிருந்து கலயத்தில் வரும்.

ஐப்பசியில் நாற்று நட்டார்கள். பயிர் பச்சை பிடித்து, தூர் கட்டி, பார்க்கிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போகிற மாதிரி இருந்ததாம். கார்த்திகை பிறந்தது. வெயில் வரவில்லை. பகலெல்லாம் மூடாக்கு, நச நசவென்று தூறல். அந்த நேரம் பார்த்து வெயிலுமுத்துவுக்குக் கன்னம் இரண்டும் வீங்கிவிட்டது. வாயைத் திறக்க முடியவில்லை.

செண்பகவடிவு வந்து பார்த்தாள். "பொன்னுக்கு வீங்கி" என்றாள். பொன் கேட்டு வீங்குகிறது, பொன்னைக் காட்டினால் வற்றிவிடும். வேப்பிலையும் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்து அரைத்துக் கன்னத்தில் பற்றுப் போட்டாள். முகம் செக்கச்செவேலென்று ஆகிவிட்டது. தாடையைச் சுற்றித் துணி கட்டினாள். பிறகு மருமகள் கழுத்திலிருந்த அட்டியலைக் கழற்றி மகன் கழுத்தில் மாட்டினாள்.

வெயிலுமுத்து அட்டியலைத் தொட்டுப் பார்த்துவிட்டு அம்மாவைப் பார்த்தான்.

"கழட்டுனேன்னா வீக்கம் கீழ எறங்கிரும், பாத்துக்க."

அதற்குப் பிறகு அவன் அதைத் தொடவில்லை. குடிசையை விட்டு வெளியே வரவும் இல்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம். தூறல் விட்டிருந்தது. ஊருக்கெல்லாம் மடை பார்த்து நீர் பாய்ச்சுகிற தளவாய் வரப்போடு வந்தான். வீக்கம் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து, எட்டத்தில் நின்றே குரல் கொடுத்தானாம்.

"ஏ வெயிலு, ஒன் வயல்ல ஆனைக்கொம்பன் விழுந்துட்டுடே. கீழ ஓரத்துல கொஞ்சம் போயிட்டு. இப்பமே ஏதாவது பண்ணு. விட்டேன்னா ஒரு கதிர் மிஞ்சாது."

சொல்லிவிட்டு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் பாட்டுக்குப் போய்விட்டான்.

ஆவுடைக்கு முதலில் அந்தப் பேரை ஒருத்தன் இப்படி வாய்விட்டுச் சொல்கிறானே என்று இருந்தது. அப்புறம், சொல்லிவிட்டு இவ்வளவு மெதுவாக நடந்து போகிறானே என்று இருந்தது. உள்ளே ஓடினாள்.

"இந்தாருங்க, கொம்பனா வந்துருக்கான்?"

வெயிலுமுத்து தலையை ஆட்டினான்.

"எத்தனை?"

எத்தனை என்று யார் சொல்வது? நெல்லில் விழுகிற பூச்சி இத்தனூண்டுதான் இருக்கும் என்று காட்ட, சுண்டுவிரலை நீட்டி அதன் நுனியைத் தொட்டுக் காட்டினான்.

"ஒத்தையா? ஒத்தைக் கொம்பனா?"

இல்லை இல்லை என்று தலையை உலுக்கினான். கழுத்தில் அட்டியல் குலுங்கியது. கூரையிலிருந்து ஓர் ஓலைத் துண்டைப் பிய்த்து, அதைக் குழலாகச் சுருட்டி, குருத்து இப்படி ஆகிவிடும் என்று மூக்குக்கு நேரே பிடித்துக் காட்டினான்.

"தும்பிக்கையத் தூக்கிக்கிட்டு நிக்கானா?"

வெயிலுமுத்து நெற்றியில் அடித்துக்கொண்டான். விசயம் அவ்வளவு மோசம் போலிருக்கிறது என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

விளக்கு வைக்கிற நேரம். ஆவுடை கிடந்த பனையோலையை எல்லாம் வாரி வரப்பில் குவித்தாள். கிழக்கே ஒரு குவியல், வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று. மேற்கே மட்டும் வைக்கவில்லை. மலை இருக்கிற திசையை மறிக்கக் கூடாது. அவர் போக வழி விட வேண்டும். மலை அங்கிருந்து ஒரு நாள் முழுக்க வண்டி ஓட்ட வேண்டிய தூரம். முறை முறைதானே. தீ மீறினால் அணைக்கப் பக்கத்திலேயே ஒரு வாய் அகன்ற பானையில் தண்ணீரும் வைத்தாள்.

ஓலை பற்றி எரிந்து கங்கு விழுந்ததும் மிளகாய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாளாம். ஒரு கணம் நின்றாள். திறந்து மோந்து பார்க்கவில்லை. பார்த்தால் மனசு வராது. அப்படியே கவிழ்த்தாள். பிறகு வெண்கலத் தாம்பாளத்தை எடுத்துக்கொண்டாள். டணார், டணார், டணார்.

"பெரியவரே, பெரியவரே, இது பிள்ளைகுட்டிக்காரங்க வயலு. ஒங்களுக்கு மலையில மூங்கில் முளைச்சிருக்கு, சுனையில தண்ணி கெடக்கு. வந்த வழி மறக்காம வீடு போய்ச் சேருங்க."

டணார், டணார், டணார்.

புகை ஊருக்குள் போனது. முதலில் நாய்கள் தும்மின. அப்புறம் மாடுகள். அப்புறம் ஊரே இருமிக்கொண்டு, வேட்டியால் மூக்கைப் பொத்திக்கொண்டு, ஆற்றோரம் ஓடி வந்ததாம். பிச்சையா கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"ஏளா, யார வெரட்டுத?"

"கொம்பன மாமா. கிட்ட வராதீங்க. ஒத்தையா வந்துருக்கான்."

"எங்க?"

"கீழ ஓரத்துல. தளவாயண்ணன் பாத்தாவ."

எல்லாரும் தளவாயைப் பார்த்தார்கள். தளவாய் தலையைச் சொறிந்தான். வயலில் இறங்கி, ஒரு தூரிலிருந்து ஒரு குருத்தைப் பிடுங்கி வந்தான். குருத்து இலையாக விரியாமல், வெங்காயத் தாள் மாதிரி உள்ளே கூடாக, வெளிறிப்போய், யானைத் தந்தம் மாதிரி கூராக நின்றது.

"தாயி, இதுதான் கொம்பு. இது பண்ணுத பூச்சிக்குத்தான் ஆனைக்கொம்பன்னு பேரு. இந்தக் குருத்துல இனிக் கதிர் வராது."

இருமலும் சிரிப்பும் சேர்ந்து வந்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் சேந்தன்குறிச்சி பார்த்ததாம். ஒருத்தன் வரப்பில் உட்கார்ந்துவிட்டான். ஒருத்தி ஆவுடையின் தாம்பாளத்தை வாங்கி ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தாள். குடிசை வாசலுக்கு வந்த வெயிலுமுத்துவை அட்டியலோடு பார்த்ததும் கூட்டம் மறுபடி சிரித்தது.

பிச்சையா மட்டும் சிரிக்கவில்லை. "பூச்சி எது ஆனை எதுன்னு தெரியாதவ கையில நான் அடுப்பைக் குடுக்கணுமாக்கும்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

மிளகாயும் போயிற்று. அடுப்பும் போயிற்று.

விடிந்ததும் தாம்பாளத்தை எடுக்க வரப்புக்குப் போனாள். பானையை எடுக்கக் குனிந்தவள் அப்படியே நின்றாளாம். தண்ணீரே தெரியவில்லை. மேலே ஆடை படிந்த மாதிரி ஏதோ செக்கச்செவேலென்று மிதந்தது. கையில் அள்ளிப் பார்த்தாள். கொசு மாதிரி, கொசுவிலும் சின்னதாக, சிவந்த வயிறோடு ஒரு பூச்சி. பானை முழுக்க அதுதான். சாம்பலைக் கிளறினாள். எள்ளைக் கொட்டின மாதிரி கருகிக் கிடந்தது. மூன்று குவியலிலும் அப்படியே.

தளவாயைக் கூட்டி வந்து காட்டினாள்.

"இது கொசுல்லா தாயி. சாயங்காலம் பயிர்மேல பறக்கும்."

"அந்தக் கொம்பைக் கீறிப் பாருங்கண்ணே."

தளவாய் ஒரு குழலை நகத்தால் கீறினான். உள்ளே, அடியில், சிறகு முளைத்தும் முளைக்காமலும் ஒன்று படுத்திருந்தது. அதே சிவப்பு வயிறு. அவன் பானையைப் பார்த்தான், குழலைப் பார்த்தான், மறுபடி பானையைப் பார்த்தான்.

"வந்தது கொம்பன்தான் தாயி. ஆளு கொஞ்சம் பொடிசு."

அன்றைக்கு விளக்கு வைக்கிற நேரத்தில் ஆவுடை மறுபடி தீ மூட்டினாள். மறுநாளும் மூட்டினாள். போன குருத்து போனதுதான். ஆனால் புதுக்கொம்பு முளைப்பது குறைந்தது, பக்கத்தில் புதுத் தூர் வெடித்தது. வெயிலுமுத்துவும் வெளியே வந்துவிட்டான். தாடையில் துணிக்கட்டு, கழுத்தில் அட்டியல், கையில் ஒரு பானை மூடி. அவனால் கத்த முடியாது, அதனால் அவளுக்குச் சேர்த்துத் தட்டினானாம். பூச்சி தீக்கு வருகிறது, சத்தத்துக்கு இல்லை என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் சும்மா நின்று தீ மூட்ட அவளுக்கு வரவில்லை.

சுற்றி இருந்தவர்கள் முதல் நாள் சிரித்தார்கள். மூன்றாம் நாள் தங்கள் வயலில் கொம்பைப் பார்த்தார்கள். நான்காம் நாள் அவர்கள் வரப்பிலும் தீ எரிந்தது. ஐந்தாம் நாள் பிச்சையா வந்தார். கையில் ஒரு கட்டு ஓலை. ஆவுடையை நேராகப் பார்க்காமல் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னமோ சொல்லித் தட்டுனியே. அது என்ன?"

"பெரியவரே, பெரியவரேன்னு தொடங்கணும் மாமா."

"மெதுவாச் சொல்லு. எனக்குப் பாடமாகணும்."

தை கடைசியில் அறுத்தார்கள். அந்தத் துண்டு வயல் நெல்லைப் பத்தாயத்தில் கொட்டினார்கள். பிச்சையா உள்ளே எட்டிப் பார்த்தார். கையை நீட்டி அளந்தார். பாதிக்கு ஒரு சாண் குறைந்தது.

ஆவுடை நெல் புடைத்த சுளகைக் கீழே வைத்துவிட்டுப் பெரிய வீட்டு அடுப்பங்கரையைப் பார்த்து நடக்கத் தொடங்கினாள்.

"எங்கட்டி போற?" என்றாள் செண்பகவடிவு. பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். "நம்ம வயல்ல இந்த வருசம் எத்தனை கோட்டை நெல்லு கண்டது?"

"கண்டது... என்ன இப்ப?"

"அது யாரு வெரட்டி மிஞ்சுனது? அந்த ஒரு சாணைப் போடும்."

பிச்சையா தன் குவியலிலிருந்து ஓலைக் கடகத்தில் அள்ளி வந்து கொட்டினார். ஒரு கடகம், இரண்டு கடகம். மூன்றாவதில் சாண் நிறைந்தது. நாலாவதையும் கொட்டிவிட்டு, "ஒன்னு ஆனைக்கு" என்றாராம். அன்றைக்குத்தான் அவர் அதற்குச் சிரித்தார்.

ஆவுடை மூட்டிய அடுப்பில் அவள் பேரன் பேத்தி காலம்வரை சோறு பொங்கியது என்று சொல்வார்கள். அந்த வயலுக்குக் 'கொம்பன்பத்து' என்று பேர் நிலைத்துவிட்டது. இன்றைக்கும் கார்த்திகை பிறந்து மூடாக்குப் போட்டால், சேந்தன்குறிச்சிக்காரர்கள் விளக்கு வைக்கிற நேரத்தில் வரப்பில் தீ மூட்டுவார்கள். மேற்கே மட்டும் மூட்ட மாட்டார்கள். அந்தந்த வருசம் ஊருக்கு வந்த புது மருமகள்தான் முதல் தட்டுத் தட்ட வேண்டும். எல்லாரும் தும்மத் தயாரான பிறகு, ஒரே ஒரு வற்றலைத் தீயில் போடுவார்கள்.

அந்த ஊரில் இன்னொன்றும் உண்டு. கொசு அளவில் எது பறந்தாலும் அதைப் 'பெரியவர்' என்பார்கள். அவர்களுக்கு அதில் விசேஷம் ஒன்றும் தெரியாது. பிறந்ததிலிருந்து அப்படித்தான் சொல்கிறார்கள். ரொம்ப காலம் கழித்து அந்த ஊர்ப் பெண் ஒருத்தி தூத்துக்குடிப் பக்கம் வாக்கப்பட்டுப் போனாள். போன மறுநாள் காலை, குளிக்கத் தண்ணீர் மொள்ளப் போனவள், தொட்டிக்குள் பார்த்துவிட்டு அங்கிருந்தே சத்தம் போட்டுச் சொன்னாளாம்.

"அத்தே, தொட்டியில பெரியவரு விழுந்து செத்துக் கெடக்காரு. அள்ளி வெளிய ஊத்திரட்டா?"

வீடே அலறிக்கொண்டு கொல்லைக்கு ஓடியது. ஓடினவர்களில் முதல் ஆள் அந்த வீட்டுப் பெரியவர்தானாம்.