எலக்ட்ரானுக்குப் பெயர் கிடையாது

"எலக்ட்ரானுக்கு யாரும் பேர் வைக்கறது இல்லீங்க."

திருப்பதியிலிருந்து நகரி போகும் ரயிலில், என் எதிர் இருக்கைப் பெண் கணவரிடம் சொன்னாள். மடியில் கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. டிகிரி காலேஜில் பிசிக்ஸ் நடத்துபவள் என்று பேச்சிலிருந்து தெரிந்தது.

"நாளைக்குப் பேர் வைக்கற நாளு. நீ எலக்ட்ரான் கதை பேசிக்கினு இருக்கே," என்றார் அவர்.

"செத்துப்போன மொதப் புள்ள பேரையே இவனுக்கும் வைக்கணுன்றாங்க உங்கம்மா. அவனே திரும்பி வந்துட்டானாம்."

"நம்ம வீட்ல அதானே வழக்கம்."

"ரெண்டு எலக்ட்ரானை இடம் மாத்தி வெச்சா ஒண்ணுமே மாறாது. நமக்குக் கண்டுபிடிக்கத் தெரியலன்னு இல்ல. அதுங்களுக்குள்ள வித்தியாசமே கிடையாது. போனது எது, வந்தது எதுன்னு கேக்கவே முடியாது."

"அப்ப உன் பாடமும் எங்கம்மா சொல்றதத்தான் சொல்லுது."

"புள்ளைங்க எலக்ட்ரான் இல்லீங்க. அவனுக்கு இடது காது மடிஞ்சி இருந்துச்சி."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். புத்தூர் தாண்டியது. அவள் கண்களை மூடிச் சாய்ந்திருந்தாள். அவர் குனிந்து, குழந்தையின் இடது காது மடலை ஒரு விரலால் மெல்ல மடித்து, வெகுநேரம் அப்படியே பிடித்திருந்தார். விரலை எடுத்ததும் காது நிமிர்ந்துகொண்டது. மறுபடியும் மடித்தார்.

"நிக்காதுங்க," என்றாள் அவள், கண்ணைத் திறக்காமலே. "நானும் மடிச்சிப் பாத்துட்டேன்."