மாவில் வந்த இரும்பு: தபிதா இன்பசேகரன் அம்மையாருக்கு உடன்பணியாளர் வாசித்தளித்த மடல்

சித்தூர் மண்ணில் பிறந்து, சிறுதானியத்தில் சிந்தை வைத்து, திருப்பதி ஆய்வு நிலையத்தைத் தம் இன்னொரு இல்லமாக்கிக்கொண்ட எங்கள் தலைமை ஊட்டச்சத்து ஆய்வாளரே, வயிறு நிறைந்தும் ரத்தம் வெளுத்த பிள்ளைகளின் பசியைக் கண்ணுக்குத் தெரியாத பசியென்று எங்களுக்குக் காட்டித் தந்தவரே, பல நாட்டு அறிஞர் கூடிய அவையிலும் பச்சைக் குழந்தையோடு தாய்மார் கூடிய மரத்தடியிலும் ஒரே குரலில் பேசிய பெருந்தகையே, வணக்கம்.

இந்தப் பணி ஓய்வு விழாவில் தங்கள் பட்டங்களையும் பதவிகளையும் வரிசையாக அடுக்கப்போவதில்லை. அடுக்கினால் தாங்கள் நாற்காலியில் நெளிவீர்கள். சமையலறைப் பக்கம் எல்லோருக்கும் காப்பி வந்ததா என்று பார்க்கப் போய்விடுவீர்கள். ஆகவே தங்களை அமரவைத்துவிட்டு, இந்தத் திருச்சானூர் மண்டபத்தில் கூடியிருக்கும் உறவினரையும் நண்பரையும் நோக்கி ஒரு பருவத்தில் நடந்ததைச் சொல்கிறோம்.

அவையோரே, ஐந்து நாடுகள் சேர்ந்து நடத்திய ஆய்வு அது. பயிர் அறிஞர்கள் இரும்புச்சத்து மிகுந்த கம்பை உருவாக்கியிருந்தார்கள். அதைத் தின்றால் அந்தச் சத்து ரத்தத்தில் ஏறுகிறதா என்று பார்ப்பது எங்கள் பொறுப்பு. ஏர்பேட்டுக்கு அருகே ஓர் ஊர் அமைந்தது. காலமெல்லாம் கூலிக்குப் போன தமிழ்க் குடும்பங்கள் இப்போது சொந்தப் புன்செய்க் கொல்லையில் பயிர் வைக்கும் ஊர். பாதி வீடுகளுக்கு இரும்புச்சத்துக் கம்பும் மீதி வீடுகளுக்குச் சாதாரணக் கம்பும் போயின. மூட்டை வாயைத் தைத்த நூலின் நிறம் மட்டுமே வேற்றுமை. எந்த நிறம் எந்தக் கம்பு என்பது கொடுத்தவருக்கும் தெரியாது, தின்றவருக்கும் தெரியாது. ஆய்வு முடியும்வரை அந்தக் குறிப்பு ஐந்து நாட்டுக் கூட்டமைப்பின் தலைமையிடத்தில் பூட்டிக் கிடக்கும். ஊரின் வளரிளம் பெண்களுக்குத் தொடக்கத்தில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை ரத்தம் எடுப்பது ஏற்பாடு.

பாதிப் பருவம் கடந்தபோது இண்டர், அதாவது மேல்நிலை வகுப்பு, படித்த கலைவாணி என்ற மாணவி படுத்துவிட்டாள். காய்ச்சல், வாந்தி, எழுந்து நிற்க முடியாத தளர்ச்சி. அவளைத் திருப்பதி மருத்துவமனைக்குக் கொண்டுபோன மறுநாள் ஊரில் ஒரு பேச்சு கிளம்பியது: கம்பில் இரும்புத் தூளைக் கலந்து பெண்பிள்ளைகளுக்குக் கொடுத்துச் சோதிக்கிறார்களாம்.

தபிதா அம்மையார் செய்தி கேட்டதும் எங்கள் வயல் அலுவலர் சிரஞ்சீவியையும் எங்களில் சிலரையும் அழைத்துக்கொண்டு ஊருக்குப் போனார். மரத்தடியில் ஊரே நின்றிருந்தது. கலைவாணியின் தந்தை முனியப்பன் முன்னால் வந்தார். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒரு கையில், கம்பு மாவுப் பாத்திரம் இன்னொரு கையில். காந்தத்தை மாவுக்குள் விட்டுக் கிளறி எடுத்தார். அதன் முகமெல்லாம் கருமையாய் மயிர் போலத் தூள் சிலிர்த்து நின்றது.

"இது இன்னா மேடம்?" என்றார் முனியப்பன். "சத்து சத்துன்னு சொல்லிக்கினு இருந்தீங்களே, இதானா அது? இத்தத் துன்னுதான் எம்பொண்ணு படுத்துக்கினு கீது."

சிரஞ்சீவி மறுத்துப் பேச வாயெடுத்தார். அம்மையார் கையால் தடுத்தார். அவர் முகம் வெளுத்திருந்ததை நாங்கள் பார்த்தோம். முப்பது ஆண்டுக்கு மேலாக இந்தத் துறையில் இருந்தவருக்கு, கம்பில் இருக்கும் சத்து காந்தத்தில் ஒட்டாது என்பது தெரியாதா? தெரியும். ஆனால் ஒட்டியது எது என்பது அந்த நொடியில் தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்றே சொன்னார்.

"எனக்குத் தெரியலீங்க. தெரிஞ்சிக்காம இங்கருந்து போவ மாட்டேன். அதுவரைக்கும் யாரும் அந்த மாவத் துன்ன வேணாம். ரெண்டு கலர் மூட்டையும் வேணாம்."

அதோடு அந்தப் பருவத்தின் ஆய்வு அங்கேயே நின்றது. நிறுத்தச் சொல்லி யாரிடமும் அவர் அனுமதி கேட்கவில்லை.

முனியப்பன் கையிலிருந்த காந்தத்தையே கேட்டு வாங்கினார். பிரிக்காத மூட்டைகளைப் பிரித்து முழுக் கம்பில் விட்டுப் பார்த்தார். இரண்டு நிறத்திலும் ஒன்றும் ஒட்டவில்லை. வீடு வீடாகப் போய் மாவில் விட்டார். இரண்டு நிற வீட்டு மாவிலும் ஒட்டியது. கேழ்வரகு மாவிலும் ஒட்டியது. பிறகு ஊர்க்கூட்டம் பின்னால் வர, ஏழுமலையின் மாவு மிஷினுக்கு நடந்தார். ஏழுமலை இயந்திரத்தைத் திறந்து காட்டினார். அரைக்கும் இரும்புத் தட்டுகள் இரண்டும் தேய்ந்து, ஒன்றோடொன்று உரசிப் பல்லிளித்துக்கொண்டிருந்தன.

"புதுசு மாட்டணும்னுதான் நெனச்சிக்கினே இருந்தேம்மா," என்றார் ஏழுமலை, தரையைப் பார்த்து.

"உங்க மிஷின்ல மட்டுமில்லீங்க, எல்லா ஊர்லயும் இப்படித்தான் தேயும். நான் மொதல்லயே வந்து பார்த்திருக்கணும்," என்றார் அம்மையார்.

காரணம் தெரிந்தது. கவலை தீரவில்லை. ஊராருக்கு உண்மை புரிந்தது. ஆனால் முனியப்பன் மட்டும் நகராமல் நின்றார். "அப்ப எம்பொண்ணுக்கு இன்னாத்தால வந்துச்சி?"

மருத்துவமனையில் கலைவாணியின் தாய் தாட்சாயணி, தபிதா அம்மையாரிடம் முகம் கொடுக்கவில்லை. அவர் பெஞ்சின் ஒரு முனையில் உட்கார்ந்தால் தாட்சாயணி எழுந்து மறுமுனைக்குப் போனார். அம்மையார் ஒவ்வொரு நாளும் போனார். வெறும் கையோடு போய் உட்கார்ந்துவிட்டு வருவார். டைபாய்டு என்று முடிவு வந்தது. ஊர்க் குடிநீர்க் குழாய் உடைந்து சாக்கடை கலந்ததில் வந்தது. மருந்து தொடங்கியும், குடலில் ரத்தம் கசியத் தொடங்கியது. ஏற்கெனவே ரத்தம் குறைந்த உடம்பு. பிழைப்பாளா என்று மருத்துவர் உறுதி சொல்லவில்லை. ரத்தம் வேண்டியிருந்தது. சிரஞ்சீவி கொடுத்தார், எங்களில் பொருந்திய மற்றவர்களும் கொடுத்தோம். அம்மையாரின் ரத்த அழுத்தத்தைச் சொல்லி அவரிடம் எடுக்க மறுத்துவிட்டார்கள். வராந்தாவில் நின்று அவர் ஜெபித்தார். உதடு மட்டும் அசைந்தது.

அந்தக் கலக்கத்தின் நடுவில் ஐந்து நாட்டுக் காணொலிக் கூட்டம் வந்தது. இரண்டு வகை வீடுகளின் மாவிலும் மிஷின் இரும்பு கலந்துவிட்டதால் ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. எங்கள் ஊரின் ஒரு பருவ உழைப்பு வீண். அதைச் சொன்னால் மற்ற நாட்டு ஊர்களிலும் மிஷினைத் திறந்து பார்க்கத்தான் வேண்டும். எத்தனை பேர் உழைப்பு சரியுமோ தெரியாது.

"மேடம், நம்ம ஒருத்தரால அஞ்சு நாட்டு வேலையும் நின்னுடும். திரும்ப இந்த ஊருக்கு வாய்ப்பே தரமாட்டாங்க," என்றார் சிரஞ்சீவி.

"தரமாட்டாங்கன்னுதான் எனக்கும் பயமா இருக்குப்பா," என்றார் அவர். "அதுக்காக தப்பான கணக்க வெச்சிக்கினு நாளைக்கு எந்த நாட்டுப் பிள்ளைக்கோ இதான் மருந்துன்னு சாப்பாடு போட முடியுமா?"

சொன்னார். பிறகு இன்னொரு நாட்டு ஆய்வாளர் ஒருவர், தங்கள் ஊர் மிஷினையும் யாரும் பார்த்ததில்லை என்று ஒப்புக்கொண்டார். முடிவைப் பிறகு சொல்வதாகக் கூட்டம் கலைந்தது. அந்தப் பதிலுக்கும் மருத்துவமனைப் பதிலுக்கும் நடுவே அவர் அலைந்ததை நாங்கள் மறக்கவில்லை. கைப்பேசி ஒலித்தால் எடுக்கும்முன் ஒரு மூச்சு இழுத்துவிடுவார்.

முதலில் கலைவாணி கண் விழித்தாள். காய்ச்சல் இறங்கியது, கசிவு நின்றது, கஞ்சி கேட்டாள். பல நாட்களுக்குப் பின்னரே கூட்டமைப்பின் பதில் வந்தது: எல்லா நாடுகளிலும் அந்தப் பருவம் தள்ளப்படுகிறது, கருங்கல் மிஷினில் அரைத்து மறுபடி தொடங்கலாம்.

மறு பருவத்துக்கு ஒப்புதல் கேட்க ஊருக்குப் போனோம். முதலில் தாட்சாயணி எழுந்தார். "எங்க வீட்ட எழுதிக்கோங்கம்மா," என்றார். "டைபாய்டு குடுத்த பைப்புகாரங்க ஒருத்தரும் ஆஸ்பத்திரிக்கு வரல. நீங்க வந்தீங்க."

அந்த ஆண்டு முடிவில், தள்ளிவைத்த முதல் பருவத்தின் பூட்டையும் திறந்து எந்த நூல் எந்தக் கம்பு என்று சொன்னார்கள். கலைவாணி வீட்டுக்குப் போயிருந்தது சாதாரணக் கம்பு. குற்றமற்ற கம்புதான் என்று நாங்கள் மகிழ்ந்தோம். அம்மையார் மகிழவில்லை. "ஊரே நம்மளத் திட்டினப்பகூட அந்தப் பொண்ணுக்கு நாம நல்லது எதுவும் குடுத்திருக்கலியே," என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறு பருவ ஆய்வின் முடிவு மலையைப் புரட்டிவிடவில்லை. இரும்புக் கம்பு தின்ற பெண்களின் ரத்தத்தில் இரும்புச்சத்தின் இருப்பு ஓரளவு உயர்ந்திருந்தது. ஓரளவுதான். ஆனால் மெய்யாக உயர்ந்திருந்தது. எந்த நிறத்து வீடாயினும் எல்லா வீட்டுக்கும் அந்த விதையைக் கொடுத்த பிறகே அம்மையார் அந்த ஊரைவிட்டு வந்தார். இன்று முனியப்பன் கொல்லையில் அது கதிர் விட்டிருக்கிறது. கலைவாணி நர்சிங் படிக்கிறாள். அதோ, மூன்றாம் வரிசையில், தாயோடு அமர்ந்திருக்கிறாள்.

அம்மையீர், இனித் தங்களிடமே பேசுகிறோம்.

நாளைக் காலை நாயுடுபேட்டைப் பக்கம் ஒரு புதிய ஊருக்குப் போகிறோம். இம்முறை துத்தநாகச் சத்துள்ள நெல். பால்குடி மறந்த குழந்தைகள். எங்களை அறியாத தாய்மார் முன்னால், தாங்கள் இல்லாமல், முதல்முறையாக நிற்கப்போகிறோம். எந்த மிஷினைப் பார்க்கத் தவறுவோமோ, எந்தக் கேள்விக்குப் பதிலற்று நிற்போமோ என்று அஞ்சுகிறோம். நேற்று இதைத் தங்களிடம் சொன்னோம். தைரியம் சொல்வீர்கள் என்று எதிர்பார்த்தோம். தாங்கள் சொன்னது வேறு.

"பயமா கீதா? இருக்கட்டும். அந்தப் பயம் போயிடுச்சின்னா, அன்னைக்கே கொழந்தைங்க கைல ஊசி குத்தி ரத்தம் எடுக்கறத விட்டுடுங்க."

அப்படியே ஆகட்டும், அம்மா. அச்சத்தோடே போகிறோம்.

தங்கள் துணைவர் இன்பசேகரன் ஐயாவோடு உடல் நலிவும் உள்ளச் சோர்வும் அண்டாமல், உற்றார் சூழ, ஊர்கள் வாழ்த்த, நூறாண்டு நிறைவாய்த் தாங்கள் வாழ வேண்டுகிறோம். எங்கள் கைப்பேசி அழைத்தால் மட்டும், எந்த வேளையானாலும், எடுங்கள்.

தங்களைப் பிரிய மனமின்றி வழியனுப்பும்,
திருப்பதி ஆய்வு நிலைய உடன்பணியாளர்கள்