மாடு குடிக்காத தண்ணீர்

ஊதா எனக்குப் பிடித்த நிறம், மேடம். பட்டுக்குச் சாயம் ஏற்றும் ஆரணியில் பிறந்துவிட்டு நிறம் பிடிக்காது என்று சொல்ல முடியுமா.

நான் வேலை பார்த்த ஆய்வகத்தில் மெல்லிய குழாய் ஒன்று உண்டு. பம்பு அதில் சுத்த நீரை நிற்காமல் தள்ளிக்கொண்டிருக்கும். சோதிக்க வேண்டிய தண்ணீரில் ஒரு சொட்டை அந்த ஓட்டத்தில் விடுவோம். போகிற வழியில் ஒரு மருந்து வந்து கலக்கும். சாயக் கழிவில் வரும் குரோமிய விஷம் இருந்தால் சொட்டு ஊதாவாகும், திரையில் கோடு மலையாக எழும்பும். இல்லையென்றால் நேராகப் போகும். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். மிதித்துக் கற்றது இதுதான்.

எங்கள் தெருவுக்கு இதெல்லாம் எங்கே புரியும்? வேலை கிடைத்த அன்று, தெருவில் மாடு வைத்திருந்த தணிகாசலம், டீக்கடையில் எல்லோர் முன்பும் கேட்டார். “இன்னாமே, தண்ணி நல்லாக்கீதான்னு பாக்கறதுக்கு ஒரு டிகிரியா? எங்கூட்டு மாடு மோந்து பாத்தே சொல்லிடும்.” பெஞ்சு மொத்தமும் டீ சிந்தச் சிரித்தது. அப்புறம் தெருவில் என் பெயரே ‘மாட்டு டிகிரி’தான்.

பிறகு சாயப்பட்டறைக் கழிவு தெருவின் போர்வெல் தண்ணீரில் இறங்கியது. அதே தணிகாசலம் பாட்டிலோடு ஆய்வகத்துக்கு வந்து நின்றார். கெட்ட தண்ணீர் என்று நாங்கள் எழுதிக் கொடுத்தால்தான் பட்டறையை மூடச் சொல்லிக் கலெக்டரிடம் போக முடியும்.

“உங்க மாடு இன்னா சொல்லுச்சு, மாமா?” என்றேன்.

“அது வாயே வெக்க மாட்டேங்குதும்மா. நீ ஜல்தியா பாத்துச் சொல்லு. நீ சொன்னா சரி.”

மாட்டைவிட ஒரு படி ஏறிவிட்டேன் போலிருக்கிறது.

அவர் கொண்டுவந்த தண்ணீரை விட்டேன். கோடு திரையின் உச்சியில் போய் முட்டியது. அவ்வளவு அழகான ஊதாவை எந்தப் பட்டறையும் பட்டில் ஏற்றியதில்லை. பாட்டிலைக் கொட்டிவிட்டு, சுத்த நீருக்குள் சுத்த நீரையே விட்டேன். கோடு நேராகப் போனது. விஷம் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பட்டறை முதலாளி காசு கொடுத்தார் என்று வாக்குமூலத்தில் எழுதிவிடாதீர்கள். அந்த ஆளின் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை.

அடுத்தடுத்து பாட்டில் வந்தபோதும் அதையே செய்தேன். தெரு குடித்தது. வயிறு எரிகிறது என்றார்கள், கிட்னி போச்சு என்றார்கள். என் கையெழுத்தைப் பார்த்த பிறகு தண்ணீரை ஒருவரும் சந்தேகப்படவில்லை. புத்தி இருந்தால் மாட்டைப் பார்த்திருப்பார்கள். தணிகாசலம் பொங்கலுக்கு முன்பே போய்ச் சேர்ந்தார்.

என் வீட்டுக்கு மட்டும் கேன் தண்ணீர் போட்டேன். ஏன் என்று அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் தெரு முழுக்கச் சொல்லிவிடுவாள்.

போன வாரம் அம்மா டயாலிசிஸ் முடிந்து படுத்திருந்தபோதுதான் வாயைத் திறந்தாள். “கேன் தண்ணி எனக்கு இன்னாத்துக்கு? அத்த தணிகாசலம் மாட்டுக்கு ஊத்திகினு இருந்தேன். பாவம், அது போர் தண்ணியத் தொடல. எம் பொண்ணு கையெழுத்துப் போட்ட தண்ணி இருக்கசொல்ல எனக்கு இன்னா கொற?”

மற்ற எல்லோரையும் என் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள், மேடம். நான்தான் செய்தேன். அம்மாவை மட்டும் சேர்க்காதீர்கள். அவளை நான் ஒன்றும் செய்யவில்லை. அவளுக்கு நான் கேன் தண்ணீர் போட்டிருந்தேன்.