பின்னடிமேடு

நம்ம பாட்டனுக்குப் பாட்டன் பொறக்காத காலமாம். கிழக்கால வெய்யக்காட்டுக்குள்ள கல்லங்காட்டூருன்னு ஒரு ஊரு இருந்துச்சாம். ஊருன்னா வீடுவாசல் வச்ச ஊரில்ல. மாட்டுப்பட்டிதான் ஊரு. மாடு எங்க நிக்குதோ அங்க அடுப்புக்கல்லு நிக்கும்.

மூணு வருசம் மழையில்லையாம். புல்லு கருகிப் போச்சாம். சரி, கெளம்புன்னு கெளம்பிட்டாங்களாம்.

எந்தப் பக்கம் போறது? அவியளுக்கு அதுல கொழப்பமே கெடையாது. பெரியவிய போட்ட கட்டு ஒன்னே ஒன்னுதான். தண்ணி வர்ற பக்கம் பார்த்து நடக்கோணும். தண்ணி எங்கிருந்து வருதோ அங்கதானே மழை இருக்கும், மழை இருந்தா புல்லு இருக்கும்? தண்ணி போற பக்கம் பொணத்தத்தான் தூக்கிட்டுப் போவாங்களாம். உசுரோட இருக்கிறவன் அந்தப் பக்கம் மூஞ்சியத் திருப்ப மாட்டானாம்.

பட்டிக்குப் பெரியவன் ராக்கியணன். அவனுக்கு ஒரே தங்கச்சி, அத்தாயி. புருசனைக் கல்லங்காட்டூருலயே பறிகொடுத்தவ. அவனைத் தண்ணி போற பக்கம் தூக்கிட்டுப் போனத எட்ட நின்னு பார்த்தவ. கையில ஆறு மாசக் கொழந்த. பசியில அவளுக்கு மாருல பால் வத்திப் போச்சு. செவலைன்னு ஒரு பசு, அது குடுக்கிற பாலுதான் கொழந்தைக்கு உசுரு. கெளம்புன அன்னைக்கு ஒரு செம்பு கறந்துச்சாம்.

நடந்தாங்களாம் நடந்தாங்களாம், ஓடையை எதுத்து நடந்தாங்களாம். வடக்கால ஒரு மலை, தெக்கால ஒரு மலை, நடுவுல பெரிய சந்து. அந்தச் சந்துக்குள்ள நொழைஞ்சா காத்துன்னா காத்து, கோவணம் நிக்காது! மேகம் தலைமேல வந்து உக்காந்துக்கிச்சு. சூரியன் எந்தப் பக்கம்னே தெரியல. சாரல் மூஞ்சியில அடிக்குது, மண்ணு நனைய மாட்டேங்குது.

ஓடை சின்னதாச்சு, வாய்க்காலாச்சு, கடைசில ஒரு கோரைச் சேத்துக்குள்ள போய் மறைஞ்சிருச்சாம். கோரைய மாடு கடிக்குமா? கடிக்கல. அங்க அடுப்பு வச்ச அன்னைக்குச் செவலை அரைச் செம்புதான் குடுத்துச்சு.

"அக்கட்டால இன்னொரு ஓடை இருக்கும், வாங்க"ன்னானாம் ராக்கியணன். சேத்தத் தாண்டிப் போனா, நெசமாவே ஒரு ஓடை! தண்ணி வர்ற பக்கம் மூஞ்சியத் திருப்பி, அதை எதுத்து நடந்தாங்களாம். பொழுதோட ஒரு கோரைச் சேறு வந்துச்சாம்.

"இங்கயும் சேறுதானா?"ன்னு கேட்டுக்கிட்டு அதையும் தாண்டுனாங்களாம். இன்னொரு ஓடை. எதுத்து நடந்தாங்க. இன்னொரு சேறு.

அந்தச் சேத்தோரம் பார்த்தா மூணு அடுப்புக்கல்லு, சாம்பல், மாட்டுச்சாணி.

"அடேயப்பா! நமக்கு முன்னாலயே ஒரு சனம் போயிருக்குது!"

"நம்மளாட்டவே மாடு வச்சிருக்காங்க!"

"கல்லக்கூட நம்மளாட்டவே கோணலா வச்சிருக்கானுக!"

ராக்கியணன் ரெண்டு கையயும் வாயில குவிச்சுக் கூப்பிட்டானாம். "யாரப்பா அது முன்னால போறது? நில்லுங்கோ!" யாரு நிப்பா?

அத்தாயிக்கு என்னமோ உறுத்துச்சாம். சாம்பலுக்குப் பக்கத்துல குனிஞ்சு ஒரு துணியக் கையில எடுத்தா. கொழந்தைக்குத் தொடச்சுப் போட்ட கந்தை. அவ சீலை முந்தானையில அவளே கிழிச்சது.

"ஏனுங்ணா, முன்னால போன சனம் நாமதானுங்."

ஆளாளுக்குக் கத்துனாங்களாம். அதெப்படி? நாம வந்த வழிக்குத் திரும்பவே இல்லையே! தண்ணி வர்ற பக்கந்தானே நடந்தோம்? ஒரு பொம்பள அழுதாளாம், ஒருத்தன் சிரிச்சானாம். ராக்கியணன் சேத்தப் பார்க்குறான், மலையப் பார்க்குறான், தன் கால் ரெண்டையும் பார்க்குறான். எல்லாம் இருந்த எடத்துலதான் இருக்குது.

மறுநா காலைல செவலையக் கறந்தா ஒரு உள்ளங்கைப் பாலு. அத்தாயி அத விரல்ல தொட்டுக் கொழந்த வாயில வச்சா. நிமிந்து பார்த்தா, பசு காத்து வர்ற பக்கம் மூக்கத் தூக்கிக்கிட்டு நிக்குது. சேத்துக்கு அக்கட்டால அந்தப் பக்கம் ஓடுற தண்ணி அவியள விட்டு விலகிப் போற தண்ணி.

"அண்ணா, செவலைக்குப் புல்லு வாசம் தெரியுது. நான் அது பின்னால போறனுங்."

"அம்மிணி! அது தண்ணி போற பக்கம். பொணம் போற வழி."

"இங்க இருந்தா மட்டும்? நாளைக்கு இந்தக் கொழந்தைய அந்த வழியில நீங்கதானே தூக்கிட்டுப் போவீங்க?"

"பெரியவிய கட்டு ஆத்தா. நான் என்ன பண்ணட்டும்?"

அத்தாயி யோசிச்சாளாம்.

"மூஞ்சி எந்தப் பக்கம் இருக்கோணும்னாங்க?"

"தண்ணி வர்ற பக்கம்."

"காலப் பத்தி ஏதாச்சும் சொன்னாங்களா?"

ராக்கியணன் அவ காலப் பார்த்தான். "முதுகுல கண்ணு இருக்குதா உனக்கு?"

"செவலைக்கு மூஞ்சியில இருக்குதே!"

கொழந்தைய நெஞ்சோட கட்டிக்கிட்டா. ஒரு கையப் பின்னால விட்டு மாட்டு வாலப் புடிச்சா. மூஞ்சி தண்ணி வர்ற பக்கம், கால் தண்ணி போற பக்கம். ஒரு அடி, ரெண்டு அடி, பின்னாலயே போறா. பாதிச் சனம் அவளாட்டவே பின்னால போச்சாம். மீதிச் சனம் ராக்கியணனோட நின்னுக்கிச்சாம். அண்ணன் மொகமும் தங்கச்சி மொகமும் ஒன்னையொன்னு பார்த்துக்கிட்டேதான் இருந்துச்சாம், கோரை மறைக்கிற வரைக்கும்.

எத்தன நாளு நடந்தான்னு கேட்டா ஆளுக்கொரு கணக்குச் சொல்லுவாங்க. மாடு சட்டுனு நின்னுச்சாம். அத்தாயி தடுக்கிப் பொத்துன்னு உக்காந்தா. சீலை நனைஞ்சு போச்சு. கையத் தடவிப் பார்த்தா புல்லு! முழங்கால் ஒசரப் புல்லு! நாலா நாளு செம்பு நெறைஞ்சுதாம்.

கொழந்த நடக்கப் பழகுனதும், அண்ணனைப் பார்க்கோணும்னு கெளம்புனா. புல்லு கெடைச்ச எடத்துத் தண்ணிய எதுத்து நடந்தா. சேறு வந்துச்சு. அந்தப் பக்கத்துக் கோரைய வெலக்கிக்கிட்டு தங்கச்சியத் தேடிக்கிட்டு ராக்கியணன் வந்து நின்னான். நேருக்கு நேரா.

"அம்மிணி! நீ தண்ணி வர்ற பக்கந்தானே நடந்து வந்தே?"

"ஆமாங்ணா. நீங்க?"

"நானும் அப்படித்தான்."

"அப்பறம் எப்படிங்ணா எதுருக்கெதுரா நிக்கிறோம்?"

ராக்கியணன் தலையச் சொறிஞ்சானாம். அவன் ஐப்பசியில கிழக்கால மழை எறங்குதுன்னு தெரிஞ்சு பட்டியோட கல்லங்காட்டூருக்கே போய்ச் சேந்தவன்.

"கிழக்கால தண்ணி போற பக்கமாச்சே, எப்படிப் போனீங்க?"

ராக்கியணன் மூஞ்சிய வேற பக்கம் திருப்பிக்கிட்டானாம். "நீ போனாப்பலதான்."

அத்தாயி சிரிச்ச சிரிப்புல கோரைக்குள்ள இருந்த கொக்கெல்லாம் பறந்துச்சாம். கொழந்த தாய்மாமன் மடியில போய் உக்காந்துக்கிச்சாம்.

அவ வழி வந்தவிய மேக்கால சனம், அவன் வழி வந்தவிய நாம. அவிய பேசறது இப்ப நமக்குப் புரியறதில்ல, நாம பேசறது அவியளுக்குப் புரியறதில்ல. இருந்தாலும் ஆடியில சாரல் புடிச்ச மொத வெள்ளிக்கெழம ரெண்டு சனமும் தண்ணிய எதுத்து நடக்கும். ரெண்டும் அந்தச் சேத்தோரந்தான் வந்து நிக்கும். ஒரு செம்புப் பால நடுச்சேத்துல ஊத்துவாங்க. பாதி இங்க வரும், பாதி அங்க போகும். அப்பறம் ரெண்டு சனமும் பின்னாலயே நடந்து பிரியும், மொகம் மறையற வரைக்கும்.

சேறு இருக்கிற அந்த மேட்டுக்குப் பின்னடிமேடுன்னு பேரு வந்தது அப்படித்தானாம். ரெண்டு பேருல யாரு தப்பா நடந்ததுன்னு ராக்கியணன் சாகிற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தானாம். எனக்கும் தெரியாது. நீங்க ஒருக்காப் போய்ப் பாருங்க. வரும்போது மட்டும் முதுகு காட்டாம வாங்க, அக்கட்டால நம்ம சனம் நின்னு பார்த்துக்கிட்டு இருக்கும்.